பேசின் பிரிட்ஜிலிருந்து பழவேற்காடு வரை: கால்வாய் லாக்குகளும் ‘நிறுத்து’ என்கிற குரலும்

சென்னை சென்ட்ரலில் ஏறி கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்குப் போய் வரும் தோழர்கள் தினமும் பேசின் பிரிட்ஜ் நிலையத்தைத் தாண்டித்தான் போகிறார்கள். ‘பேசின்’ என்றால் என்ன என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்? சரக்குப் படகுகள் வந்து ஒதுங்கி நிற்கும் நீர்த்தொட்டிக்குத்தான் அந்தப் பெயர். அதற்குப் பக்கத்தில் இருக்கும் சால்ட் கோட்டர்ஸ், உப்புக் கொட்டாரம். நம்முடைய ‘கொட்டாரம்’தான் வெள்ளைக்காரன் வாயில் கோட்டர்ஸ் ஆனது. எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கத்து உப்பளங்களில் விளைந்த உப்பும், ஸ்ரீஹரிகோட்டாக் காட்டில் வெட்டிய விறகும் படகேறி இந்த வழியாகத்தான் பட்டணத்துக்கு வந்தன. அந்தப் படகு வந்த வழிதான் இன்று மூக்கைப் பொத்திக்கொண்டு நாம் கடக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்.

கால்வாயின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1806இல் பேசில் காக்ரேன் என்ற வியாபாரி சென்னையிலிருந்து எண்ணூர் வரை சுமார் 11 மைல் வெட்டினான். 1837இல் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டு வடக்கே பழவேற்காட்டு ஏரியைத் தொட்டு நீட்டிக்கொண்டே போனது. தாது வருஷப் பஞ்சத்தில், 1877-78இல், கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் துண்டு வெட்டப்பட்டது. அன்றைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் கால்வாய்க்கு ஒட்டிக்கொண்டது. வடக்கே ஆந்திரத்தின் பெத்தகஞ்சாமிலிருந்து தெற்கே மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர். இதில் 163 கிலோமீட்டர் தமிழ்நாட்டில் ஓடுகிறது.

இந்தக் கட்டுரையில் நான் பேச வருவது கால்வாயைப் பற்றிக்கூட அல்ல, அதன் லாக்குகளைப் பற்றி. ஒரு லாக்குக்குள் படகு எப்படி மூழ்கும், மூழ்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றி. சாதி ஒழிப்பு பேசுகிற இடத்தில் இது எதற்கு என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

இது கடலோரக் கால்வாய். கொசஸ்தலை, கூவம், அடையாறு என்று ஆறுகள் குறுக்கே வந்து கடலில் விழுகின்றன. ஆற்றில் வெள்ளம் வந்தால் நீர் ஏறும். கடலில் ஓதம் ஏறினாலும் ஏறும், வடிந்தால் இறங்கும். கால்வாயில் அந்த அளவு நீர் இருக்காது. மட்டம் வேறுபடும் இரண்டு நீர்களுக்கு நடுவே படகைக் கடத்த வேண்டும். அதற்குத்தான் லாக்கு. ஆந்திரத்து கிருஷ்ணா, கோதாவரிக் கால்வாய் ஊர்களில் ‘லாகுலு’ என்று பேச்சுவழக்கிலேயே கலந்துவிட்ட சொல் அது. தமிழில் பூட்டு மதகு எனலாம். கல்லால் கட்டிய நீளமான தொட்டி, இரண்டு முனையிலும் கதவு. படகு உள்ளே வந்ததும் பின்கதவை மூடுவார்கள். முன்பக்கம் நீர் உயரமாக இருந்தால் அங்குள்ள ஷட்டரைத் திறந்து தொட்டியை நிரப்புவார்கள், தாழ்வாக இருந்தால் வடிப்பார்கள். இரண்டு பக்கமும் மட்டம் சமமானதும் கதவு திறக்கும். சமமாகும் முன்னே எத்தனை பேர் தள்ளினாலும் திறக்காது. மேல்நீரின் அழுத்தமே கதவை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்படிதான் இரண்டு இலைகளையும் கோணத்தில் பொருத்தியிருப்பார்கள்.

பார்க்க இது அமைதியான வேலை. ஆனால் படகுக்காரர்களுக்கு ஆற்று நடுவைவிட லாக்குத் தொட்டி ஆபத்தானது. சுற்றிலும் பாசி பிடித்த கல்சுவர். விழுந்தால் பிடித்து ஏற இடமில்லை. அங்கே நடக்கும் விபத்துகள் உலகம் முழுக்க ஒரே மாதிரிதான்.

முதலாவது, கீழே இறங்கும்போது நடப்பது. மேல்கதவின் அடியில் ஒரு கல்படி தொட்டிக்குள் நீண்டிருக்கும். தொட்டி நிறைந்திருக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாது. படகின் அமரம், அதாவது பின்பகுதி, அந்தப் படிக்கு நேர்மேலே நின்றுவிட்டால், நீர் வடிய வடிய அமரம் படியில் உட்கார்ந்துகொள்ளும். அணியம் மட்டும் கீழே இறங்கும். படகு சாய்ந்து முன்பக்கமாக நீர் புகும். ஒன்றிரண்டு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். படியிலிருந்து தள்ளி, முன்னுக்கு நிற்க வேண்டும் என்பது அதனால்தான்.

மேலே ஏறும்போது இதற்கு நேர் எதிர். அணியம் கதவின் குறுக்குச் சட்டத்தின் அடியிலோ சுவரின் பிளவிலோ மாட்டிக்கொள்ளும். நீர் உயரும், மாட்டிய முனை உயராது. ஷட்டரை ஒரே மூச்சில் முழுக்கத் திறந்துவிட்டால் பாய்கிற நீர் படகைத் தூக்கி முன்கதவில் மோதும். அதனால் முதலில் கால்பங்கு, படகு நிலைகொண்ட பிறகு பாதி, அதன் பிறகே முழுசாகத் திறக்க வேண்டும்.

அடுத்தது கயிறு. கரைக் கம்பத்தில் முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டு பீடி பற்றவைக்கப் போனால், நீர் வடியும்போது படகு கயிற்றில் தொங்கும். கம்பத்தைச் சுற்றி ஒரு சுற்று விட்டு நுனியைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும், நீர் இறங்க இறங்க விட்டுக்கொடுக்க வேண்டும். படகு சுவரில் உரசப் போகிறது என்று காலையோ கையையோ நடுவே கொடுக்கக் கூடாது. பாரம் ஏற்றிய படகுக்கும் கல்லுக்கும் நடுவே எலும்பு நிற்காது. கழியால் தள்ள வேண்டும். கதவின் மேலுள்ள குறுகிய பலகையில் ஓடக் கூடாது. பாரத்தை விளிம்புவரை ஏற்றியிருந்தால், மேலே சொன்ன எந்தத் தவறையும் திருத்திக்கொள்ள நேரமே கிடைக்காது.

இத்தனைக்கும் மேலே ஒரு விதி இருக்கிறது. ஷட்டரைத் திறப்பவர் மேலே, கரையில் நிற்கிறார். படகு மாட்டிக்கொண்டதை முதலில் உணர்பவர் கீழே, படகுக்குள் இருக்கிறார். கீழே இருப்பவர் ‘நிறுத்து’ என்று கத்திய அந்த நொடியே, ஏன் எதற்கு என்று கேட்காமல் மேலே இருப்பவர் ஷட்டரை இறக்க வேண்டும். பிறகுதான் பேச்சு. படகுக்காரர்களுக்கான பாதுகாப்புக் கையேடுகள் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: ஷட்டர் திறந்திருக்கும்போது ஒருவர் அதை விட்டு நகரக் கூடாது, அவருடைய கண் படகிலிருந்து விலகக் கூடாது.

இங்கேதான் கேள்வி வருகிறது. கீழே இருப்பவன் கத்தினால் மேலே இருப்பவன் கேட்கிற சமூகமா நம்முடையது?

கால்வாய்க்குள் முதலில் இறங்கியது படகல்ல, மண்வெட்டி. 1876-78 பஞ்சத்தில் சென்னை மாகாணமும் தக்காணமும் சேர்ந்து இழந்த உயிர்கள் 50 லட்சத்துக்கும் மேல். நிவாரணம் என்ற பெயரில் பட்டினி கிடந்தவர்களை மண் வெட்ட வைத்தார்கள். 1877 தொடக்கத்தில் வைஸ்ராய் அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள், ஆண் ஒருவருக்கு நாள் முழுக்க உழைக்க ஒரு பவுண்டு தானியமும், அதாவது சுமார் 450 கிராம், ஒரு அணாவும் போதும் என்றான். பெண்ணுக்கும் குழந்தைக்கும் அதைவிடக் குறைவு. மாகாண சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், இது உழைக்கிற உடம்புக்குப் போதாது, ஒன்றரை பவுண்டு தானியமாவது வேண்டும், கூடவே பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று வாதாடினார். மார்ச் மாதம் கொஞ்சம் உயர்த்தினார்கள். ‘டெம்பிள் கூலி’ என்று வரலாற்றில் பெயர் வாங்கியது அதுதான். வாதாடிய இருவருமே மேலே நின்றவர்கள் என்பதைக் கவனியுங்கள். மண் வெட்டியவன் என்ன சொன்னான் என்பது அந்தக் கோப்பில் இல்லை.

இன்றைய திருவள்ளூர் மாவட்டம் 1997இல் பிறந்தது. அன்று பொன்னேரியும் கும்மிடிப்பூண்டியும் பழைய செங்கல்பட்டு மாவட்டம். அந்த மாவட்டத்தில் நிலமில்லாமல், பண்ணையில் படியாளாகக் கட்டுண்டு, பஞ்சம் வந்ததும் முதலில் கைவிடப்பட்டவர்கள் யார் என்பதற்கு வெள்ளை அதிகாரியின் சாட்சியே உண்டு. செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் பறையர் மக்களின் நிலைபற்றி எழுதிய அறிக்கையையும், அதைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30இல் வந்த 1010ஆம் எண் அரசாணையையும் பஞ்சமி நிலப் போராட்டத்தில் இருப்பவர்கள் எல்லோரும் அறிவீர்கள். குடியிருக்கும் குடிசை மண்கூடத் தன்னுடையதில்லை என்கிற நிலை அது. எதிர்த்துப் பேசினால் மிராசுதார் வீட்டைக் காலி செய் என்பான். அப்படி வளர்க்கப்பட்ட ஒருவர் லாக்குத் தொட்டிக்குள் நின்று மேலே இருக்கும் துரையையோ மேஸ்திரியையோ பார்த்து ‘ஷட்டரை மூடு’ என்று கத்துவாரா? கத்துவதற்கு முன் ‘சாமி’ என்று ஆரம்பிக்க வேண்டியிருந்தால், அந்த ஒரு சொல்லுக்குள் படகு சாய்ந்திருக்கும்.

1890இல் மாகாணத்துக்குக் கால்வாய்கள், பொதுத் தோணித்துறைகள் சட்டம் வந்தது. படகுக்கு உரிமம், கட்டணம், விதிகள் என்று எல்லாவற்றுக்கும் அதில் வழி உண்டு. 1898இல் ஏ.எஸ். ரஸ்ஸல் என்ற பொறியாளர் பக்கிங்ஹாம் கால்வாயின் வரலாற்றைத் தனிப் புத்தகமாகவே எழுதினார். எதிர்காலப் பராமரிப்புக்கு ஒரு வழிகாட்டி என்று தலைப்பிலேயே சேர்த்திருந்தார். ஒரே மாவட்டத்து மண்ணைப் பற்றி ஆறே வருஷ இடைவெளியில் இரண்டு ஆவணங்கள். கால்வாயைப் பற்றியது ஒன்று, அந்த மண்ணில் உழைத்த மக்களைப் பற்றியது இன்னொன்று. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்க வேண்டும் என்று மாணவத் தோழர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நம் வரலாற்று வகுப்புகளில் ஒன்றுக்குப் பெயர் பொறியியல், மற்றொன்றுக்குப் பெயர் ‘தாழ்த்தப்பட்டோர் பிரச்சினை’. இரண்டும் சந்திப்பதே இல்லை.

விபத்துக்கு விசாரணை வைப்பதும் இதைப் போலத்தான். இங்கிலாந்தில் கார்கிரேவ் என்ற ஊரருகே 1998 ஆகஸ்டில் ‘டிரம் மேஜர்’ என்ற படகு லாக்குத் தொட்டிக்குள் நீர் வடியும்போது மாட்டிக்கொண்டு மூழ்கியது. 4 பேர் இறந்தார்கள். நீர்வழி விபத்துகளை விசாரிக்கும் அரசு அமைப்பு தனி விசாரணை நடத்தி அறிக்கை வெளியிட்டது. 4 உயிருக்கு ஓர் அறிக்கை. நம் கால்வாயில் 1960-61 ஒரே ஆண்டில் 1,200க்கும் மேற்பட்ட படகுகள் 2 லட்சம் டன்னுக்கு மேல் சரக்கும் 18,000க்கு மேல் பயணிகளும் ஏற்றிச் சென்றதாகக் கணக்கு இருக்கிறது. டன் கணக்கு கிடைக்கிறது.

நீர்வழியில் பலியானவர்களில் நாம் மறக்கக் கூடாத ஒரு பெயர் உண்டு. மலையாள மகாகவி குமாரன் ஆசான். நாராயண குருவின் சீடர், எஸ்.என்.டி.பி. யோகத்தின் முதல் செயலாளர், ‘துரவஸ்தா’வும் ‘சண்டாள பிக்ஷுகி’யும் எழுதிச் சாதியின் முகத்தில் அறைந்தவர். 1924 ஜனவரி 16 விடிவதற்கு முன், கொல்லத்திலிருந்து ஆலப்புழை போய்க்கொண்டிருந்த ‘ரிடீமர்’ படகு பல்லனையில் கவிழ்ந்து இறந்தார். அளவுக்கு மீறிய ஆட்களை ஏற்றியிருந்தார்கள். பேனாவால் பேரரசுகளைக் கேள்வி கேட்டவருக்கும், ‘இத்தனை பேரை ஏற்றாதே’ என்று அந்த இரவில் படகை நிறுத்தும் அதிகாரம் இல்லை. டிக்கெட் விற்கிறவன் கையில்தான் அது இருந்தது.

நம் ஊருக்கு வருவோம். 2011 கிறிஸ்துமஸ் நாள். பழவேற்காடு ஏரியில் உல்லாசமாகப் போன ஒரு படகு கவிழ்ந்து 22 பேர் மூழ்கி இறந்தார்கள். குடும்பமாக வந்தவர்கள், பெண்கள், குழந்தைகள். மீன்பிடிப் படகில் பயணம், லைஃப் ஜாக்கெட் இல்லை. அதன் பிறகு சவாரிக்குத் தடை போட்டார்கள். தடை என்பது பாதுகாப்பு அல்ல. படகில் எத்தனை பேர் ஏறலாம் என்று எண்ணிப் பார்க்க ஒருவர், முகத்துவாரத்தில் அலை எப்படி என்று பார்த்து ‘இன்றைக்குப் போகாதே’ என்று சொல்ல ஒருவர், அவர் சொன்னால் படகு நிற்கும் என்ற நிலை, இவைதான் பாதுகாப்பு. லாக்குக்காரர் என்ற ஆள் அந்த வேலைக்காகத்தான் இருந்தார்.

பழவேற்காடு பற்றி இன்னொன்றையும் சொல்லாமல் போனால் நான் பாதி உண்மை பேசியவன் ஆவேன். அந்த ஏரியில் ‘பாடு’ முறை உண்டு. எந்த இடத்தில் யார் வலை வைப்பது என்பதைப் பட்டினவர் ஊர்கள் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்கின்றன. தங்களுக்குள் சண்டையில்லாமல் பகிர்ந்துகொள்ளும் நல்ல ஏற்பாடு என்று ஆய்வாளர்கள் புகழ்கிறார்கள். அந்தச் சீட்டில் தலித் மீனவர் பெயர் எழுதப்படுவதில்லை. இருளர் மக்கள் எண்ணூர்க் கழிமுகத்திலும் கால்வாயிலும் கழுத்தளவு நீரில் நின்று கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து படிந்தபோது, அவர்கள் நின்ற நீர்தான் கறுத்தது. நல்ல இடம், நல்ல படகு, உயிர்காக்கும் சாதனம் எல்லாம் சாதி ஏணியில் மேலிருந்து கீழே வருகிறது. அபாயத்துக்கு மட்டும் அந்த வரிசை கிடையாது. முதலில் கீழ்ப்படிக்குத்தான் வருகிறது.

கால்வாய் செத்த கதை நமக்குத் தெரியும். சாலையும் ரயிலும் சரக்கை இழுத்துக்கொண்டன. 1960களின் புயல்களும் 1976 புயலும் கரைகளை உடைத்தன. லாக்குகளைச் சரிசெய்ய ஆளில்லை. நகரத்துக்குள் பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே இறங்கின. எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பல். அதே கால்வாய்தான் 2004 சுனாமியின்போது பல இடங்களில் அலையை வாங்கிக்கொண்டு உள்ளே இருந்த ஊர்களைக் காத்தது.

லாக்கு போனாலும் லாக்கின் பிரச்சினை போகவில்லை. மலக்குழிக்குள் ஒருவர் இறங்குகிறார், மேலே ஒப்பந்தக்காரரின் ஆள் நிற்கிறார். உள்ளே மூச்சுத் திணறுகிறது என்பது இறங்கியவருக்குத்தான் முதலில் தெரியும். 2013 சட்டம் தடை செய்தது. 2014இல் உச்ச நீதிமன்றம் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்றது, 2023இல் அதை 30 லட்சம் ஆக்கியது. இறந்த பிறகு கொடுக்கும் தொகை உயர்ந்திருக்கிறது. சிப்காட்டில் கொதிகலனுக்குள்ளும் தொட்டிக்குள்ளும் ஆளை இறக்கும்போதும் இதே அமைப்புதான். வெளியே ஒருவர் கண் எடுக்காமல் நிற்க வேண்டும், உள்ளே இருப்பவர் சொன்னால் வேலை நிற்க வேண்டும் என்று ஆலைப் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. ஒப்பந்தத் தொழிலாளிக்கு, அதிலும் மொழி தெரியாத ஒடிசா, பீகார் தோழருக்கு, ‘நிறுத்து’ என்று சொல்லிவிட்டு மறுநாள் கேட்டுக்குள் நுழைய முடியுமா என்பதில்தான் அந்த விதியின் உயிர் இருக்கிறது.

அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினர். அதே துறையின் கீழ்தான் நீர்ப்பாசனமும் மின்சாரமும் வந்தன. மத்திய நீர்வழி, பாசன, படகுப் போக்குவரத்து ஆணையம் 1945இல் அவர் காலத்தில்தான் உருவானது. தாமோதர், மகாநதித் திட்டங்களில் வெள்ளத் தடுப்பு, மின்சாரம், பாசனத்தோடு படகுப் போக்குவரத்தையும் சேர்த்தே யோசித்தவர் அவர். சுரங்கத்தில் வேலை செய்யும் பெண்ணின் பேறுகால உரிமையும் நாட்டின் நீர்வழியும் ஒரே மனிதரின் மேசையில் இருந்தன. அந்த மேசையைப் பிறகு பிரித்துவிட்டார்கள்.

2008இல் காக்கிநாடா முதல் புதுச்சேரி வரையான கால்வாய்களையும், கோதாவரி, கிருஷ்ணா ஆறுகளின் பகுதிகளையும் சேர்த்து 1,078 கிலோமீட்டரை 4ஆம் எண் தேசிய நீர்வழியாக நாடாளுமன்றம் அறிவித்தது. பக்கிங்ஹாம் கால்வாய் அதற்குள் அடக்கம். பணி நடந்தது பெரும்பாலும் கிருஷ்ணா ஆற்றில்தான். நம் பக்கம் என்றைக்காவது தூர் வாரினால், லாக்குகளைத் திரும்பக் கட்டினால், கரையோரக் குடிசைகளை அகற்றுவதுதான் முதல் வேலையாக இருக்கும் என்பது தெரிந்ததே. அதற்கு எதிராக நிற்போம். கூடவே இன்னொரு கோரிக்கையையும் இப்போதே எழுதி வைக்க வேண்டும். 2021இன் உள்நாட்டுக் கப்பல்கள் சட்டத்தில் இயந்திரம் இல்லாத படகுகளுக்கும் தனி அத்தியாயம் உண்டு. பழவேற்காட்டிலும் எண்ணூரிலும் கழி ஊன்றிப் போகும் இருளர் படகும், சவாரிக்குப் போகும் படகும் அதன்படி பதிவாக வேண்டும். பதிவு என்ற பெயரில் காசு பிடுங்காமல் லைஃப் ஜாக்கெட்டை அரசே கொடுக்க வேண்டும். துறையில் ஆட்களை எண்ணி ஏற்றும் வேலையும், லாக்கு வந்தால் ஷட்டரில் நிற்கும் வேலையும் ஒப்பந்தக்காரனுக்குப் போகாமல், அந்தந்த ஊர் இருளர், தலித், மீனவ இளைஞர்களுக்கு நிரந்தர அரசு வேலையாக வர வேண்டும். படகை நிறுத்தியதற்காக அவர்களை வேலையிலிருந்து நிறுத்த முடியாது என்று நியமன ஆணையிலேயே எழுதப்பட வேண்டும். பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டத் தோழர்கள் அடுத்த கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டுவர இது போதும். வாசகத்தை அவரவர் ஊர்ப் பேச்சில் எழுதிக்கொள்ளுங்கள்.